டெட்லிஃப்ட்டும் ஸ்நாட்ச்சும் ஒரே வாரத்தில்: எதைக் குறைப்பது, எதை வைத்துக்கொள்வது?

கேள்வி: எனக்கு வயது 38, எடை 74 கிலோ. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். இரண்டு ஆண்டுகளாக மொட்டை மாடியில் கெட்டில்பெல் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) ஸ்விங், அதாவது அதைக் கால்களுக்கு இடையிலிருந்து முன்னால் வீசும் பயிற்சி, செய்து வருகிறேன். 16 கிலோவில் ஒன்றும் 24 கிலோவில் ஒன்றும் வைத்திருக்கிறேன். ஏழு வாரங்களுக்கு முன்பு பக்கத்து ஜிம்மில் டெட்லிஃப்ட் (பாரக்கம்பியைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்வது), பிரஸ் (எடையைத் தலைக்கு மேல் தள்ளுவது) இரண்டு மட்டும், வாரம் ஐந்து நாள், ஐந்து ரெப் (ஒரு முறை செய்வது ஒரு ரெப்) கொண்ட இரண்டு செட் (ஓய்வின்றிச் செய்யும் தொகுப்பு) என்ற சுருக்கமான திட்டத்தைத் தொடங்கினேன். டெட்லிஃப்ட்டை 60 கிலோவில் ஆரம்பித்து ஒவ்வொரு நாளும் 2.5 கிலோ கூட்டினேன். ஆறாவது வாரத் தொடக்கத்தில் 122.5 கிலோவைத் தொட்டேன், அதன்பின் அசையவில்லை. 24 கிலோவில் ஐந்து நிமிடத்துக்குள் 100 ஸ்நாட்ச் (குண்டை ஒரு கையால் ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோவது) முடிக்க வேண்டும் என்பது என் ஆசை. அதனால் திங்கள், புதன், வெள்ளியில் ஜிம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஐந்து நிமிடம் வைத்து எண்ணிப் பார்க்கிறேன். அதிகபட்சம் 78 வந்தது. இப்போது 70ஐத் தாண்டவே திணறுகிறேன். நாற்பதுக்கு மேல் முதுகால் இழுப்பது எனக்கே தெரிகிறது. உள்ளங்கை இரண்டு முறை கிழிந்துவிட்டது. கையுறை போட்டும் பயனில்லை. காலையில் எழும்போது கீழ்முதுகு விறைப்பாக இருக்கிறது, அரை மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது. ஐந்து மணிக்கு எழுந்து ஐந்தரைக்குப் பயிற்சியைத் தொடங்குகிறேன். இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா, ஒன்றை விட்டுவிட வேண்டுமா? என் மனைவியும் கற்றுக்கொள்ள விரும்புகிறார். அவர் 16 கிலோவில் தொடங்கலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். நீங்கள் விட வேண்டியது, வாரத்துக்கு மூன்று முறை உங்களுக்கு நீங்களே தேர்வு வைத்துக்கொள்ளும் பழக்கத்தை மட்டும்தான். உங்கள் கடிதத்தில் ஸ்நாட்ச் பயிற்சி என்று ஒன்று தனியாக இல்லை. கடிகாரத்தை வைத்து எண்ணிக்கை பார்ப்பதே பயிற்சியாகிவிட்டது. டெட்லிஃப்ட் நின்றுபோனது, கை கிழிந்தது, 78 என்ற எண்ணிக்கை 70க்கு இறங்கியது ஆகிய மூன்றிலும் அந்தப் பழக்கத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் முதுகைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் மற்றவற்றுக்குப் போக வேண்டும்.

வலி பிட்டத்திலிருந்து காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, பாதத்தில் பலம் குறைந்ததாகத் தோன்றினாலோ, இருமும்போதும் தும்மும்போதும் சுரீரென்று இழுத்தாலோ, கெட்டில்பெல்லைத் தொடாமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள். சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு மாறினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதில் இவை எதுவும் இல்லை. எழுந்து அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும் விறைப்பு மட்டுமே இருக்கிறது. அந்த அரை மணி நேரம் முடிந்ததும் முடியாததுமாக நீங்கள் டெட்லிஃப்ட்டைத் தொடங்கிவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலையாகப் படுகிறது. இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. எழுந்து நடமாடத் தொடங்கியதும் உடலின் எடை அந்த நீரை மெல்ல வெளியேற்றுகிறது. ஒரு நாளில் நம் உயரம் குறையும் அளவில் ஏறக்குறைய பாதி, எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே குறைந்துவிடுகிறது என்றால் அந்த ஒரு மணி நேரத்தில் வட்டுகள் எவ்வளவு இறுக்கமாக இருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். பருத்திருக்கும் வட்டோடு குனியும்போது அதன் மீதும் சுற்றியுள்ள தசைநார்கள் மீதும் விழும் அழுத்தம் பிற்பகலில் விழுவதைவிடக் கணிசமாக அதிகம். நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ளவர்களை அதிகாலையில் குனியாமல் இருக்கச் செய்து பார்த்த ஆய்வு ஒன்று 1998இல் வெளியானது. அந்த ஒரு மாற்றத்திலேயே அவர்களுடைய வலி குறைந்தது. ஆகவே குனிந்து எடுக்கும் பயிற்சிகள் அனைத்தையும் வேலை முடிந்து வந்த பிறகு மாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாலையில் முடியவே முடியாது என்றால், எழுந்து ஒரு மணி நேரமாவது நடமாடிய பிறகே தரையிலிருந்து எதையும் தூக்குங்கள்.

அடுத்து, டெட்லிஃப்ட் ஏன் நின்றது? பழியை முழுவதும் ஸ்நாட்ச்சின் மேல் போடுவது நியாயமாகாது. நீங்கள் பின்பற்றும் இந்தச் சுருக்கமான முறையை 1990களின் இறுதியில் அமெரிக்காவில் பரப்பியவர் மின்ஸ்க் நகரில் பிறந்த பாவெல் சட்சூலின். கெட்டில்பெல்லை அந்நாட்டில் பிரபலமாக்கியவரும் அவரே. அந்த முறையில் எடை எல்லையின்றி ஏறிக்கொண்டே போவதில்லை. முதல் செட் முழு எடை, இரண்டாவது செட் அதில் 90 விழுக்காடு என்று சில வாரங்கள் ஏற்றிக்கொண்டு போய், ஐந்தாவது ரெப் கடினமாகத் தொடங்கியதும் இறங்கிவிட வேண்டும். பிறகு முன்பு தொடங்கிய எடையைவிடச் சற்றுக் கூடுதலான எடையில் அடுத்த சுற்றைத் தொடங்க வேண்டும். நீங்கள் இருபத்தாறாவது நாளில் சுற்றின் உச்சியை அடைந்துவிட்டீர்கள். அங்கிருந்து இறங்காமல் இரண்டு வாரமாக அதே எடையோடு மல்லுக்கட்டுகிறீர்கள். ஸ்நாட்ச் இல்லாமல் இருந்திருந்தாலும் இன்னும் ஓரிரு வாரத்தில் இதே இடத்தில்தான் நின்றிருப்பீர்கள்.

வலிமைப் பயிற்சியையும் மூச்சுத்திறன் பயிற்சியையும் சேர்த்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும் என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு மூலமாக இருப்பது ராபர்ட் ஹிக்சன் 1980இல் வெளியிட்ட ஆய்வு. அதில் இரண்டையும் சேர்த்துச் செய்த குழுவின் கால்வலிமை முதல் ஆறேழு வாரங்களுக்கு வலிமைப் பயிற்சி மட்டும் செய்தவர்களைப் போலவே ஏறி, பிறகு தேங்கி, கடைசி இரண்டு வாரங்களில் இறங்கியது. உங்கள் கதையும் இதுவே போலத் தோன்றும். ஆனால் அவர்கள் வாரம் ஐந்து நாள் கடுமையான கால் பயிற்சியும், அதற்கு மேல் வாரம் ஆறு நாள் மூச்சு முட்டும் சைக்கிளும் ஓட்டமும் செய்தவர்கள் என்பதை இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்களில் பலர் சொல்வதில்லை. ஒரு நாளைக்குப் பத்தே ரெப் டெட்லிஃப்ட் செய்பவரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. குறைந்த அளவு வலிமைத் திட்டத்தின் சிறப்பே அது வேறொன்றுக்கு இடம் விட்டுவைக்கிறது என்பதுதான். அந்த இடத்தை எதைக்கொண்டு நிரப்புகிறோம் என்பதில்தான் சிக்கல் எழுகிறது.

டெட்லிஃப்ட்டும் ஸ்நாட்ச்சும் பார்வைக்கு வேறுவேறாக இருந்தாலும் இரண்டும் இடுப்பை மடித்து நிமிரும் ஒரே அசைவின் மேல் நிற்பவை. பின்தொடை, பிட்டம், முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் தசைகள், விரல்களின் பிடி ஆகிய எல்லாமே பொது. ஒரே சம்பளத்தில் இரண்டு கடன்களுக்குத் தவணை கட்டுவது போல, இரண்டுக்கும் ஓய்வு ஒரே இடத்திலிருந்துதான் கிடைத்தாக வேண்டும். வாரத்துக்கு 50 ரெப் டெட்லிஃப்ட், களைத்த கையோடு 200க்கும் மேற்பட்ட ஸ்நாட்ச் என்பது இப்போது உங்கள் கணக்கு. பின்னதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை, நீங்களே எழுதியிருப்பது போல, முதுகால் இழுத்தவை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஸ்டூவர்ட் மெக்கில் 2012இல் வெளியிட்ட அளவீடுகளில், ஸ்விங்கின்போது இடுப்பு முள்ளெலும்புகளில் எழும் வெட்டுவிசையின் (ஒரு முள்ளெலும்பை அடுத்ததன் மேல் நகர்த்தப் பார்க்கும் விசையின்) திசை, வழக்கமான பளுதூக்கலில் எழுவதற்கு எதிரானது என்று காட்டியிருக்கிறார். பெரிய எடையைச் சாதாரணமாகத் தூக்கும் சிலரை 16 கிலோ ஸ்விங் மட்டும் தொந்தரவு செய்வதற்கு இது விளக்கமாகலாம். உங்களுக்கு எது தொந்தரவு என்பதைக் கண்டுபிடிக்க ஒன்றை நிறுத்திப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எனவே முதல் இரண்டு வாரங்களுக்கு ஸ்நாட்ச் வேண்டாம். திங்களும் வியாழனும் மாலையில் 80 கிலோவில் ஐந்து ஐந்தாக இரண்டு செட் டெட்லிஃப்ட். செவ்வாயும் சனியும் 16 கிலோவை இரண்டு கையால் பிடித்துப் பத்து ரெப் ஸ்விங் ஐந்து செட். திங்கள், புதன், வியாழனில் வழக்கமான பிரஸ். காலை விறைப்பு இதில் மறைந்துவிட்டால் கீழே சொல்லும் திட்டத்துக்குப் போகலாம். மறையாவிட்டால் ஒரு பிசியோதெரபிஸ்ட் உங்களை நேரில் பார்ப்பதுதான் முறை. எழுத்தில் பதில் சொல்பவரால் அதற்கு மேல் உதவ முடியாது.

அதன்பின் எட்டு வாரங்கள். டெட்லிஃப்ட் திங்களும் வியாழனும் மட்டும். திங்கட்கிழமைக்கு 95 கிலோவில் தொடங்கி முதல் நான்கு உயர்வுகளை ஐந்து கிலோவாகவும் அடுத்த மூன்றை 2.5 கிலோவாகவும் வைத்தால் எட்டாவது திங்களன்று மறுபடி 122.5 கிலோவில் வந்து நிற்பீர்கள். ஆனால் இம்முறை ஐந்து ரெப் முடித்த பிறகும் இன்னும் இரண்டு செய்ய முடியும் என்ற நிலையில் நிற்க வேண்டும். வியாழனன்று அந்த வாரத் திங்களின் எடையில் 80 விழுக்காடு போதும். அது உப்புச்சப்பில்லாமல் தோன்றினால் சரியாகச் செய்கிறீர்கள் என்று பொருள்.

ஸ்நாட்ச்சின் முக்கிய நாள் செவ்வாய். 24 கிலோவை எடுத்து, வலக்கையால் ஐந்து ஸ்நாட்ச் செய்து கீழே வையுங்கள். தொடங்கியதிலிருந்து 90 விநாடி ஆனதும் இடக்கையால் ஐந்து. இப்படி மாற்றி மாற்றி முதல் வாரம் 12 செட். வாரத்துக்கு இரண்டு செட் கூட்டினால் ஐந்தாவது வாரத்தில் 20 செட், அதாவது 100 ஸ்நாட்ச், அரை மணி நேரத்தில் முடியும். ஆறாவது வாரத்திலிருந்து செட்டைக் கூட்டாமல் நேரத்தை மட்டும் 80, 70, 60 விநாடி என்று சுருக்குங்கள். ஐந்து ரெப் என்பது பன்னிரண்டு, பதிமூன்று விநாடி வேலை. அவ்வளவு நேரத்துக்குத் தசையில் சேர்ந்திருக்கும் கிரியாட்டின் பாஸ்பேட் என்ற உடனடி எரிபொருளே பெரும்பாலும் ஈடுகொடுக்கும்; அது ஏறக்குறைய அரை நிமிடத்தில் பாதியும், சில நிமிடங்களில் பெரும்பகுதியும் திரும்ப நிரம்பிவிடும். ஆகையால் ஒவ்வொரு செட்டையும் புத்துணர்ச்சியோடு, முழு வேகத்தோடு, இடுப்பால் செய்ய முடிகிறது. அடுத்த செட்டுக்கு முன் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் கடிகாரம் என்ன சொன்னாலும் காத்திருங்கள். குண்டு வழக்கத்தைவிட மெதுவாக மேலே போகிறது, அல்லது உடலை விட்டு விலகி முன்னால் பெரிய வளைவாகச் சுற்றுகிறது என்று தெரிந்தால் பத்தாவது செட்டாக இருந்தாலும் அன்றைக்கு அத்தோடு போதும். நீங்கள் சொல்லும் அந்த நாற்பதாவது ரெப், உங்கள் இடுப்பு வேலையை நிறுத்தி முதுகு பொறுப்பேற்ற இடம். அந்த எல்லையைத் தாண்டிச் செய்த முப்பதும் உங்களுக்குக் கற்றுத்தந்தது முதுகால் இழுக்கும் பழக்கத்தைத்தான்.

சனிக்கிழமைக்கு 16 கிலோ. 15 விநாடி ஸ்நாட்ச், 15 விநாடி ஓய்வு, ஒவ்வொரு முறையும் கை மாற்றி, ஒரு தடவைக்கு ஆறு ரெப். எட்டு நிமிடத்தில் தொடங்கி ஐந்து வாரத்தில் பன்னிரண்டு நிமிடத்துக்குப் போங்கள். மூச்சுத்திறனுக்கான வேலை இதுதான். கல்லூரிக் கால்பந்து வீராங்கனைகளை இதே 15க்கு 15 முறையில் இருபது நிமிடம், வாரம் மூன்று நாள், நான்கு வாரங்கள் செய்ய வைத்த அமெரிக்க ஆய்வொன்றில் அவர்களுடைய உச்ச ஆக்சிஜன் பயன்பாடு சுமார் ஆறு விழுக்காடு உயர்ந்தது. உங்களுக்கு டெட்லிஃப்ட்டும் இருப்பதால் வாரம் ஒரு நாள் போதும். ஆறாவது வாரத்திலிருந்து இதற்குப் பதிலாக அதே 16 கிலோவை ஐந்து நிமிடம் நிறுத்தாமல், நிமிடத்துக்கு 20 என்ற சீரான தாளத்தில் செய்து பழகலாம். வேகத்தின் கணக்கை உடலுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு இலகுவான எடையே நல்லது.

வெள்ளியும் ஞாயிறும் ஓய்வு. வேலைநேரம் மாறி இரண்டையும் ஒரே நாளில் செய்ய நேர்ந்தால் பிரஸ், டெட்லிஃப்ட், அதன்பின் ஸ்நாட்ச் என்ற வரிசையில் செய்யுங்கள். ஸ்நாட்ச்சில் பிடி தளர்ந்த பிறகு பாரமான கம்பியைத் தூக்கப் போகாதீர்கள்.

கை கிழிவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 24 கிலோவில் நூறு என்ற இலக்கைக் கைவிடுபவர்களில் பலர் மூச்சால் அல்ல, உள்ளங்கையால் கைவிடுகிறார்கள். கையுறையைக் கழற்றிவிடுங்கள். அதன் துணி கைப்பிடிக்கும் தோலுக்கும் நடுவில் மடிந்து, ஏற்கெனவே உள்ள காய்ப்பை இன்னும் மோசமாகக் கிள்ளுகிறது, பிடியையும் தடிமனாக்குகிறது. பிறகு உங்கள் 24 கிலோ குண்டின் கைப்பிடியை வெளிச்சத்தில் பாருங்கள். வார்ப்பிரும்புக் குண்டுகளில் பலவற்றுக்குக் கைப்பிடியின் அடிப்பக்கம் நெடுக அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த கோடு மெல்லிய மேடாக ஓடும். நகத்தால் குறுக்கே சுரண்டினால் தட்டுப்படும். தரக்கட்டுப்பாட்டில் இருக்கும் உங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை நைஸ் அரத்தால் ராவி, பிறகு உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்குங்கள். பளபளப்பான பெயிண்ட் இருந்தால் அதையும் கைப்பிடியிலிருந்து எடுத்துவிடுங்கள். வியர்வை பட்டதும் வழுக்குவது அதுதான், வழுக்குவதால்தான் இறுக்கிப் பிடிக்கிறோம், இறுக்கிப் பிடிப்பதால்தான் தோல் கிழிகிறது.

குண்டு ஏறும்போது கை கிழிவதில்லை, இறங்கும்போதுதான் கிழிகிறது. தலைக்கு மேலிருந்து அது விழுகையில் கைப்பிடி உள்ளங்கையின் நடுவிலிருந்து விரல்களுக்கு நழுவுகிறது. அப்போது விரல்களின் அடியில் இருக்கும் காய்ப்பை மடித்துக்கொண்டு போகிறது. மேலே இருக்கும் குண்டை முதலில் உடலுக்கு அருகிலேயே கவிழ விடுங்கள். முழங்கையைத் தளர்த்தி, பிடியையும் தளர்த்தி, கைப்பிடியை விரல்களின் கொக்கிக்குள் வழுக்க விட்டு, இடுப்பு உயரத்தில் மட்டும் பிடியுங்கள். உள்ளங்கையால் அல்ல, விரல்களால் பிடிக்க வேண்டும். வாரம் ஒரு முறை குளித்த பின் ஈரத்தோடு காய்ப்பைக் கால் தேய்க்கும் கல்லால் தேய்த்துச் சுற்றியுள்ள தோலோடு சமமாக்குங்கள். மேடாக நிற்கும் காய்ப்பு பாதுகாப்பு அல்ல. கிழிந்துவிட்டால் புண் மூடும் வரை ஸ்நாட்ச் கிடையாது. ஜிம் சாக் என்று விற்கும் மக்னீசியம் கார்பனேட் பொடியைக் கொஞ்சமாகப் பயன்படுத்தலாம். அதிகமானால் அதுவே தோலைப் பிடித்து இழுக்கும்.

பதினோராவது வாரம் தேர்வு வைத்துக்கொள்ளுங்கள். திங்களன்று இலகுவான டெட்லிஃப்ட், அதன்பின் நடை மட்டும், சனிக்கிழமை மாலை தேர்வு. சட்சூலின் நிறுவிய பயிற்றுநர் சான்றிதழ்ப் படிப்புகளில் தேறுவதற்கான நிபந்தனைகளுள் ஒன்றாக அறியப்பட்டது இந்த ஐந்து நிமிட நூறு. எடை ஆளுக்கும் வயதுக்கும் ஏற்ப மாறும், கையை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கீழேயும் வைக்கலாம். ரஷ்யப் போட்டி விளையாட்டில் ஸ்நாட்ச் பத்து நிமிடம், கையை ஒரே ஒரு முறைதான் மாற்றலாம், கீழே வைத்தால் முடிந்தது. அது வேறு வித்தை, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நிமிடத்துக்கு 20 என்றால் ஒரு ரெப்புக்கு மூன்று விநாடி. ஆனால் நீங்கள் இரண்டரை விநாடிக்கு ஒன்று என்ற வேகத்தில் வலக்கையால் பத்து, இடக்கையால் பத்து செய்தால் 50 விநாடி ஆகும். கீழே வைத்து மூச்சு வாங்கப் பத்து விநாடி கிடைக்கும். இதை ஐந்து முறை செய்தால் நூறு. முதல் நிமிடத்தில் தெம்பாக இருக்கிறதே என்று இருபத்தைந்து செய்பவர்கள் நான்காவது நிமிடத்தில் அந்த ஐந்தையும் வட்டியோடு திருப்பித் தருகிறார்கள். 90இல் நின்றாலும் அடுத்த நாளே மறுபடி முயலாமல் இன்னொரு எட்டு வாரச் சுற்றுக்குப் போங்கள்.

செலவு செய்ய மனம் இருந்தால் அடுத்து வாங்க வேண்டியது 28 அல்ல, 20 கிலோ. இந்த எடைகள் 16, 24, 32 என்று எட்டெட்டாகத் தாவுவது, பூடு என்ற பழைய ரஷ்ய அளவை வைத்து வந்த வழக்கம். ஒரு பூடு 16.38 கிலோ. உங்கள் 16க்கும் 24க்கும் நடுவில் ஐம்பது விழுக்காடு இடைவெளி இருக்கிறது, கை வலிக்கும் வாரங்களில் 20 கிலோ அந்த இடைவெளியைத் தாங்கும். இன்னொன்று: 38 வயதில் இரத்த அழுத்தத்தை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது, ஸ்நாட்ச் இதயத்துடிப்பை உச்சத்துக்குக் கொண்டுபோகும் பயிற்சி. உணவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

உங்கள் மனைவி ஸ்நாட்ச்சிலிருந்து தொடங்க வேண்டாம். 16 கிலோவைத் தரையிலிருந்து இரண்டு கையாலும் தூக்கி வைக்கும் டெட்லிஃப்ட்டை இரண்டு வாரம் பழகட்டும். அதற்கு அந்த எடை சரியாக இருக்கும். அதன்பின் இரண்டு கை ஸ்விங்குக்கு 8 அல்லது 12 கிலோ. ஒரு கை ஸ்விங்கும், தலைக்கு மேல் எடையை அரை நிமிடம் முழங்கை மடங்காமல் பிடித்து நிற்பதும் சிரமமின்றி வந்த பிறகு 8 கிலோவில் ஸ்நாட்ச் கற்றுக்கொடுங்கள். குண்டு கவிழ்ந்து முன்கையில் இடிப்பது தொடக்கத்தில் எல்லோருக்கும் நடப்பது. கை மேலே போகும்போது குண்டைச் சுற்றிக் கையை நுழைக்கச் சொன்னால் சில நாட்களில் நின்றுவிடும். மொட்டை மாடியில் அவர் பழகும்போது நீங்கள் எதிரிலோ பின்னாலோ நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.